பிக் அப் இட் என்று எழுதாதீர்கள்

சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில், அதாவது வட்டித்தொழில் நடந்த கூடத்தில், பெட்டியடியில் உட்கார்ந்த நம் ஊர்ச் செட்டியார்கள் கணக்கும் கடிதமும் பெரும்பாலும் தமிழிலேயே எழுதிவிட்டார்கள். இன்று காரைக்குடியிலிருந்து மெல்போர்னுக்கோ லண்டனுக்கோ போய் இறங்குகிறவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. குழாய் ஒழுகினாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல்தான். பேச்சில் கையைக் காட்டிச் சமாளித்துவிடலாம், எழுத்தில் முடியாது. அதிகம் தடுக்குவது வினைக்குப் பின்னால் வரும் அப், ஆஃப், இன், அவுட் என்ற வால்களில்.

ரெண்டாங்கட்டிலிருந்து ஆச்சி 'குழம்பை எடுத்து வை' என்றால் ஒன்று, 'எடுத்துக்கோ' என்றால் வேறு. ஆங்கில வாலும் அப்படித்தான் பொருளை மாற்றும். 'புட் ஆஃப்' தள்ளிவைப்பது, 'கால் ஆஃப்' அடியோடு ரத்து. குழாய்க்காரர் வருவதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைக்க நினைத்து 'கால் ஆஃப்' என்று எழுதினால் அவர் வரவே மாட்டார்.

வித்தியாசம் ஒன்று உண்டு. நம் வால் வினையை ஒட்டியே நிற்கும், ஆங்கில வால் நகரும். பெயர்ச்சொல் வந்தால் 'பிக் அப் த பார்சல்', 'பிக் த பார்சல் அப்' இரண்டும் சரி. இட், ஹிம், தெம் வந்தால் நடுவில்தான்: 'பிக் இட் அப்'. டர்ன் ஆஃப், ஃபில் இன், ஹேண்ட் இன், டிராப் ஆஃப் எல்லாம் இந்த வகை. லுக் ஆஃப்டர், லுக் இன்டு, ரன் அவுட் ஆஃப் மூன்றும் பிரியாது: 'ப்ளீஸ் லுக் இன்டு இட்'. எது எந்த வகை என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆங்கிலம் கற்போருக்கான அகராதியில் 'சம்திங்' நடுவில் நின்றால் பிரியும், கடைசியில் மட்டும் நின்றால் பிரியாது.

நம் ஊர் ஆங்கிலம் சிலவற்றைக் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு போகிறோம். கல்லூரியில் 'பாஸ்டு அவுட்' என்று எழுதினால் மயங்கி விழுந்ததாகப் படிப்பார்கள், 'கிராஜுவேட்டட்' போதும். 'ஃபில் அப்' பெட்ரோல் டாங்க்குக்கு. படிவத்துக்கு பிரிட்டனில் பெரும்பாலும் 'ஃபில் இன்', அமெரிக்காவில் பெரும்பாலும் 'ஃபில் அவுட்'. 'கோப் வித்' நடுவில் அப் கிடையாது. 'ஆஃப் த லைட்' என்பதில் வால் இருக்கிறது, வினையைக் காணோம். 'டர்ன் ஆஃப்' வேண்டும்.

இறந்தகாலம் வினையில்தான் ஏறும், வாலில் ஏறாது: 'லாக்டு இன்', 'லாகின்டு' அல்ல. வினையாக வரும்போது லாக் இன் இரண்டு சொல். கணக்குப் பெயரைச் சொல்லும் 'லாகின்' ஒரே சொல்.

மின்னஞ்சலை முடிக்கும் 'லுக்கிங் ஃபார்வர்டு டு' வரிக்குப் பின் 'ஹியர்' வராது, 'ஹியரிங்' வரும். அந்த 'டு' வாலைச் சேர்ந்தது. 'டு கோ', 'டு ஈட்' என்பதில் வரும் 'டு' அல்ல.