ஹேக்கில் நம் பாறையும் மாமாவின் கேள்வியும்

மாணவர் பரிமாற்றத்தில் சிங்கப்பூரிலிருந்து நெதர்லாந்தின் லைடனுக்குப் போனதும் நான் முதலில் விசாரித்தது, பெட்ரா பிராங்கா என்ற பாறை யாருக்கு என்று சிங்கப்பூரும் மலேசியாவும் மோதிய வழக்கு நடந்த மண்டபத்துக்குள் போக முடியுமா என்பதைத்தான். லைடனிலிருந்து ஹேக் ரயிலில் கால் மணி நேரம். ஈசூனிலிருந்து சிட்டி ஹாலுக்குப் போகவே எனக்கு அதைவிட நேரமாகும்.

அந்த வழக்கை விசாரித்த அனைத்துலக நீதிமன்றம் இருப்பது ஹேக்கின் அமைதி மாளிகையில். ஆண்ட்ரூ கார்னகி கொடுத்த பணத்தில் கட்டி, 1913ல் திறந்தார்கள். நாடுகள் பலவும் கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுவருவதுபோல் ஆளுக்கொன்று கொடுத்திருக்கின்றன: இத்தாலியின் பளிங்கு, சுவிட்சர்லாந்தின் கோபுரக் கடிகாரம், ரஷ்யாவின் பெரிய கல் ஜாடி. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டுவிட்டது என்பதை நினைத்தபடிதான் படியேறினேன்.

அன்று விசாரணை இல்லாததால் பெரிய மண்டபத்துக்குள் விட்டார்கள். வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், நீதிபதிகளின் நீண்ட மேசை, எதிரே வழக்காடுவோர் நிற்கும் இடம். 2007 நவம்பரில் பேராசிரியர் டாமி கோவும், அப்போது துணைப் பிரதமராக இருந்த எஸ். ஜெயகுமாரும் நம் தரப்பைச் சொன்னது இங்கேதான். எனக்கு நெஞ்சு படபடத்தது.

பாறை மிகச் சிறியது. நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். 1851 முதல் ஹார்ஸ்பர்க் கலங்கரைவிளக்கம் அதன்மேல் நிற்கிறது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அந்தப் பெயர் எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே புழக்கத்தில் உண்டு. 1979ல் மலேசியா வெளியிட்ட வரைபடம் பாறையைத் தன் எல்லைக்குள் காட்ட, அடுத்த பிப்ரவரியில் சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. தீர்ப்பு வர 2008 மே 23 ஆகிவிட்டது.

தீர்ப்பை வகுப்பில் படித்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது 1953ல் நடந்த கடிதப் போக்குவரத்து. பாறை யாருடையது என்று சிங்கப்பூரின் காலனித்துவ அதிகாரி ஒருவர் எழுதிக் கேட்கிறார். இன்று மலேசிய மாநிலமாக இருக்கும் ஜொகூரின் அரசாங்கம் அதற்கு உரிமை கோரவில்லை என்று ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் எழுதுகிறார். ஆரம்பத்தில் பாறை ஜொகூருடையதுதான் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தப் பதிலும், அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் சிங்கப்பூர் அங்கே நடந்துகொண்ட விதமும், மலேசியா மறுப்புச் சொல்லாமல் இருந்ததும் சேர்ந்து, 1980க்குள் உரிமை நம்மிடம் வந்துவிட்டது என்று முடிவு செய்தது. 16 நீதிபதிகளில் 12 பேர் நம் பக்கம், 4 பேர் எதிர்ப் பக்கம். அருகிலிருக்கும் மிடில் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்குப் போயின.

இரண்டு நாடுகளும் 2003ல் ஒப்பந்தம் போட்டு, தீர்ப்பு எதுவானாலும் ஏற்போம் என்று சொல்லிவிட்டுத்தான் அங்கே போயின. அந்தச் சம்மதம் இல்லையென்றால் அந்த மண்டபத்தில் இந்த வழக்கே இல்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு உறைத்தது அடுத்த நீதிமன்றத்தில்தான்.

இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றை விசாரிக்கும் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றமும் ஹேக்கில்தான், கடலோர மணல்மேடுகளை ஒட்டி இருக்கிறது. அங்கே கூண்டில் நிற்பது நாடு அல்ல, மனிதர். பையையும் கைப்பேசியையும் வெளியே வைத்துவிட்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காரவேண்டும். அன்று ஒரு சாட்சியின் முகத்தையும் குரலையும் மாற்றிக் காட்டினார்கள். எத்தனை மணி, எவ்வளவு தூரம், கூட யார் இருந்தார்கள் என்று கேள்விமேல் கேள்வி. பிறகு மூடிய விசாரணை என்று திரையை இறக்கிவிட்டார்கள்.

அன்றிரவு அப்பாவின் நண்பரிடம் இதைச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், நான் மாமா என்று கூப்பிடுவேன். "அங்க எங்கட சனத்தின்ர விஷயத்தை விசாரிக்கேலாதோ பிள்ளை?" என்றார்.

உண்மையைத்தான் சொன்னேன். அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய உடன்படிக்கையான ரோம் சட்டத்தில் இலங்கை சேரவில்லை. இலங்கையே ஒப்புக்கொள்ளவேண்டும், அல்லது ஐ.நா. பாதுகாப்பு மன்றம் விவகாரத்தை அங்கே அனுப்பவேண்டும். 2005ல் சூடானின் டார்ஃபூரையும் 2011ல் லிபியாவையும் அப்படித்தான் அனுப்பினார்கள். இலங்கையை அனுப்பவில்லை. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கும் வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

சிங்கப்பூரும் அதில் உறுப்பினர் இல்லை. மலேசியா 2019 மார்ச்சில் சேர்ந்து அடுத்த மாதமே விலகிக்கொண்டது. ஒரு பாறைக்காகச் சட்டத்தை நம்பி அவ்வளவு தூரம் போன நாம், மனித உயிர்களுக்கான நீதிமன்றத்திலும் சேரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேராசிரியர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள். அவர்களோடு வாதாடத் தயாராகத்தான் இருக்கிறேன்.

அந்த நீதிமன்றம் எப்போது விசாரிக்கலாம் என்று சொல்லும் ரோம் சட்டத்தின் 12, 13ஆம் பிரிவுகளைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார் மாமா. ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் தேக்காவில் நண்பர்கள் கூடும்போது வாசிக்கவேண்டுமாம். எழுதி அனுப்பிவிட்டேன். வேறு யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.