சூப்பர் 8 பயிற்சி நாட்குறிப்பு

ஜூன் 7

கோடாக் நிறுவனம் 1965இல் கொண்டுவந்த, 8 மி.மீ. அகல சினிமா ஃபிலிம் வகையான சூப்பர் 8இன் கார்ட்ரிட்ஜில் (கேமராவுக்குள் அப்படியே செருகும் பெட்டி) 50 அடிப் படச்சுருள் இருக்கிறது. அடிக்கு 72 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்பதால் மொத்தம் 3,600 ஃப்ரேம்கள். நொடிக்கு 18 வீதம் எடுத்தால் 3 நிமிடம் 20 நொடியும், 24 வீதம் எடுத்தால் இரண்டரை நிமிடமும் ஓடும். டிஜிட்டலில் பழகியவர்களுக்கு இது கஞ்சத்தனமாகத் தோன்றலாம்; எனக்கோ, எந்த ஷாட்டுக்கு எத்தனை நொடி என்று முன்கூட்டியே தாளில் எழுதவைக்கும் இந்தக் கணக்குதான் முதல் பாடமாகப் படுகிறது.

ஜூன் 11

இன்று முழுவதும் பேட்டரி விவகாரம். 1960களின் கேமராக்கள் பலவற்றில் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்கென்று தனியாக 1.35 வோல்ட் பாதரச செல் உண்டு. நச்சு என்பதால் அந்த செல்களின் விற்பனை நின்றுவிட்டது. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் செல்லைப் போட்டால், மின்னழுத்தம் கூடுவதால் ஒளிமானி வெளிச்சத்தை மிகையாகக் கணக்கிட்டு, லென்ஸில் ஒளி புகும் துளையான அப்பர்ச்சரைச் சுருக்கிவிடும், படம் இருண்டுபோகும். இதற்கு மாற்று, காது கேட்கும் கருவிகளில் போடும் துத்தநாக–காற்று செல். அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 1.4 வோல்ட். குறுக்களவில் சிறியதாகையால், கேமராவின் பேட்டரி அறைக்குள் ஆடாமலிருக்க ஒரு ரப்பர் வளையத்தைச் சுற்றினேன். மேலே ஒட்டியிருக்கும் சிறு தாளை உரித்ததும் நுண்துளைகள் வழியே காற்று புகுந்து செல் வேலைசெய்யத் தொடங்குகிறது. அதன்பிறகு பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் சில வாரங்களில் தீர்ந்துவிடும் என்பதால், படம்பிடிக்கும் நாளில் உரிப்பதே சிக்கனம்.

ஜூன் 15

வாங்கியிருக்கும் சுருள் 3,200 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) கொண்ட, மஞ்சள் சாயலுள்ள டங்ஸ்டன் விளக்கொளிக்கானது. வெயிலில் அப்படியே எடுத்தால் எல்லாமே நீலம் பூத்துவிடும். அதைச் சரிசெய்ய கேமராவுக்குள்ளேயே 85 எண் ஆரஞ்சு ஃபில்டர் இருக்கிறது. ஆனால் அது மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் (ஒளி பாதியாகக் குறைந்தால் அது ஒரு ஸ்டாப்) அளவு ஒளியை விழுங்குவதால், ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு எண் 200 உள்ள சுருளை வெளியே 125 என்று வைத்தே அளக்க வேண்டும்.

ஜூன் 18

சுருள் போடாமல் ஃபோக்கஸ் பழகினேன். முதலில், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரைக் கண்ணின் பார்வைக்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். பிறகு ஜூமை முழுதும் இழுத்து, எதிர்வீட்டு ஜன்னல் கம்பியில் கூர்மை பிடித்து, வேண்டிய அகலத்துக்குப் பின்வாங்க வேண்டும். அகலக்கோணத்தில் எல்லாமே தெளிவாகத் தெரிவதால் அங்கே கண்ணை நம்ப முடியாது. நாளை இதையே ஸ்டாண்டில்லாமல் கையில் பிடித்துச் செய்துபார்க்க வேண்டும்.