ஜில்லென்ற சுவர்

லண்டனில் எங்கள் வீடு விக்டோரியா காலத்துச் செங்கல் வீடு. குளிரைத் தடுக்க, சுவருக்கு நடுவில் உள்ள இடைவெளியில் பஞ்சு ஊதி அடைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பார்க்க வந்தவர் வெளிச்சுவரைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். ஒரு செங்கல் நீளவாக்கில், அடுத்தது குறுக்கே தலையை மட்டும் காட்டிக்கொண்டு. அப்படி இருந்தால் நடுவில் இடைவெளி கிடையாது, 9 அங்குலமும் கெட்டிச் சுவராம். 11 வருடமாகப் பார்க்கும் சுவர், ஒரு நாளும் கவனித்ததில்லை!

சரி என்று உள்பக்கம் மரநார்ப் பலகை பதித்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். முதலில் பின்னறை மட்டும். அறை நாலு விரற்கடை சுருங்கியதில் அம்மாவின் தையல் மெஷினுக்கு இடமில்லை. ஒரு வாரம் பேச்சு வாங்கினேன். நேற்றுக் காலை அதே அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "முன்னறைக்கு எப்போ?" என்கிறார்.