மகனின் வாயைப் பார்த்த டாக்டர் என் வாயையும் திறக்கச் சொன்னார்

என் மகனுக்கு 19 வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம், கூடவே ஃபிட்ஸ். நடக்க மாட்டான், பேச மாட்டான், ஆனால் நான் சொல்வது அத்தனையும் அவனுக்குப் புரியும். அவனுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை என்று நான்தான் துலக்கிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சில நாட்களைத் தவிர இது நின்றதே இல்லை.

துலக்கிவிடுவது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், அது அவ்வளவு சுலபம் இல்லை. அவனை வீல்சேரில் நேராக உட்கார வைத்து, பின்னால் நின்றுகொண்டு, அவன் தலையை என் மார்பில் சாய்த்து இடது கையால் தாடையை ஏந்திக்கொள்வேன். தலை ரொம்ப அண்ணாந்துவிடக் கூடாது, அண்ணாந்தால் எச்சிலும் பேஸ்ட்டும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், முகவாய் கொஞ்சம் தாழ்ந்தே இருக்க வேண்டும். அவனுக்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது, அதனால் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவுக்கும் குறைவுதான். ஏதாவது உள்ளே பட்டதும் பல்லை இறுகக் கடித்துக்கொள்வான், அது அவன் வேண்டுமென்று செய்வது இல்லை, உடம்பு தானாகச் செய்வது. என் வலது ஆள்காட்டி விரலில் அவன் பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அப்புறம்தான் பழைய பிரஷ்ஷின் காம்பில் துணியைச் சுற்றி ஒரு பக்கத்துக் கடைவாயில் வைத்துக்கொண்டு மறுபக்கம் துலக்கக் கற்றுக்கொண்டேன். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் சோறு ஒதுங்கிக் கிடக்கும், கடைசியில் ஈரத்துணியை விரலில் சுற்றி அதையும் வழித்து எடுக்க வேண்டும். நல்ல நாளாக இருந்தால் பத்து நிமிஷம். அவன் முரண்டு பிடிக்கிற நாளில் அரை மணி.

இதை நான் இவ்வளவு கவனமாகச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. அவனுக்கு ஆறு வயதில் ஃபிட்ஸுக்காக ஃபினைட்டாயின் என்ற மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம், அந்த மருந்தால் ஈறு வளர்ந்து பல்லை மூடிக்கொண்டு வந்தது. ஒரு பல் டாக்டர் பார்த்துச் சொன்னபிறகு நரம்பு டாக்டர் மருந்தை மாற்றினார். பிறகு கொடுத்த சிரப் இனிப்பு. ராத்திரி சிரப் குடித்துவிட்டு அப்படியே தூங்கினால் பல் சொத்தையாகும் என்று அந்தப் பல் டாக்டர் என்னை உட்கார வைத்து விளக்கினார். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும், பல்லில் ஒட்டிய சர்க்கரையைக் கழுவ எதுவும் இருக்காது. அன்றிலிருந்து சிரப் கொடுத்ததும் பிரஷ்ஷை எடுத்துவிடுவேன்.

போன வருஷம் அவனை வழக்கமான பல் செக்கப்புக்குக் கூட்டிப் போனபோது டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பையன் வாய் ரொம்ப சுத்தமா இருக்கு. நீங்க வாயைத் திறங்க" என்றார். நான் திறக்கவில்லை. அவசரமாகப் போக வேண்டும், ஆட்டோ வெயிட்டிங்கில் நிற்கிறது என்று சொன்னேன். ஆட்டோ நிஜமாகவே நின்றது. ஆனால் நான் வாயைத் திறக்காததற்கு அது காரணம் இல்லை. கீழ்க் கடைவாய்ப்பல் எட்டு மாதமாக வலித்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம் மெல்லுவதை விட்டே பல மாதம் ஆகியிருந்தது, துலக்கும்போதெல்லாம் ரத்தம் வரும்.

என் பல்லை நான் எப்படித் துலக்கினேன் என்று சொல்கிறேன். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், மோட்டாரைப் போட்டுவிட்டுத் துலக்கத் தொடங்குவேன், அவன் சத்தம் கேட்டதும் பாதியில் துப்பிவிட்டு ஓடுவேன். ராத்திரி அவனுக்குத் துலக்கிவிட்டு, டயப்பர் மாற்றி, திருப்பிப் படுக்க வைத்து, பாத்திரம் கழுவி முடிக்கும்போது பதினொன்றரை. அவன் பிரஷ்ஷைக் கழுவி வைக்கும் அதே டம்ளரில்தான் என் பிரஷ்ஷும் இருக்கும். அதை எடுக்கத் தோன்றாது. இரண்டு மணிக்கு மறுபடி எழுந்து அவனைத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். அந்த நேரத்தில் தூக்கம் கலைந்துவிட்டால் ஒரு டீ. பகலில் ஐந்து டீ, அத்தனையிலும் சர்க்கரை. சாப்பாடு பெரும்பாலும் அவன் தட்டில் மிச்சம் இருக்கும் குழைந்த சோறுதான், நின்றுகொண்டே.

வலிக்கு என்ன செய்தேன் என்றால், எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். கிராம்பை வைத்துக் கடித்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், பிறகு மெடிக்கலில் பேர் சொல்லி வலி மாத்திரை வாங்கினேன். நடுவில் ஒரு மாதம் வலியே இல்லை. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். உள்ளே நரம்பு செத்துப்போனாலும் வலி நின்றுவிடும், கிருமி கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது பல்வலி வந்து தானாக நின்றிருந்தால் தயவுசெய்து உடனே போய்க் காட்டுங்கள்.

நான் ஒரேயடியாகப் போகாமல் இருந்தேன் என்றும் இல்லை. ஒரு முறை போனேன். எங்கள் பக்கம் பல் கிளினிக் எல்லாம் மெடிக்கலுக்கு மேலே மாடியில்தான் இருக்கும், லிஃப்ட் கிடையாது. கீழே படிக்கட்டுப் பக்கத்தில் வீல்சேரோடு அவனை நிறுத்தி, கடைப் பையனிடம் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், ரூட் கெனால், நான்கு சிட்டிங், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அதற்குள் கீழே அவன் கத்துவது கேட்டது. இறங்கி வந்துவிட்டேன். அதோடு சரி.

நான்கு மணி நேரம். அதுவும் ஒரே மூச்சில் இல்லை, நான்கு தடவையாக. வீட்டுக்காரர் இங்கே மதுரை செல்லூரிலேயே தறி வேலைக்குப் போகிறார், லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. அத்தைக்கு 74 வயது, பேரன் மேல் உயிர், ஆனால் ஃபிட்ஸ் வந்தால் பதறிப்போவார், 48 கிலோ பையனை அவரால் புரட்டிப் படுக்க வைக்கவும் முடியாது. பக்கத்து வீட்டு அக்கா நல்லவர்தான், ஒருவரிடம் போய் என் பிள்ளைக்கு டயப்பர் மாற்றுங்கள் என்று எப்படிக் கேட்பது?

போன ஆடி மாதம் ஒரு ராத்திரி கன்னம் வீங்கிக் கண் வரைக்கும் ஏறிவிட்டது. காய்ச்சல். வாயை ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. காலையில் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் என்னையும் மகனையும் சேர்த்தே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அதே டாக்டரம்மாவிடம் போனார். பல்லைத் தொடுவதற்கு முன்னால் அவர் விரல் நுனியில் குத்தி சுகர் பார்த்தார். 268. எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வராது, சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும், ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும் என்றார். மாதக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரைகளைப் பற்றிச் சொன்னபோது கிட்னிக்கும் ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார், நல்லவேளை அது நார்மல். ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக், சுகருக்கு மாத்திரை, அதற்குப் பிறகு அந்தப் பல்லைப் பிடுங்கினார். காப்பாற்ற அதில் ஒன்றும் மிச்சமில்லை. மேல் பல் ஒன்றும் கெட்டிருந்தது, அதற்கு ரூட் கெனால் போதும் என்று சொல்லிவிட்டார். கேப்போடு சேர்த்து எட்டாயிரம் ஆனது, இரண்டு தவணையாகக் கட்டினோம்.

இன்னொன்றையும் கேட்டார். காலையில் எழுந்திருக்கும்போது தாடை வலிக்கிறதா? வலிக்கும், அது தலையணை சரியில்லாததால் என்று நினைத்திருந்தேன். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள், பல் முனையெல்லாம் தேய்ந்து தட்டையாகியிருக்கிறது என்று கண்ணாடியில் காட்டினார். மனசில் இருப்பது தூக்கத்தில் தாடைக்கு வந்துவிடுகிறது. எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்பதுதான் அது. இந்த மாதிரிப் பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் இதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

பல் பிடுங்கிய அன்று ஊசி போட்டுவிட்டு மரத்துப்போகட்டும் என்று பத்து நிமிஷம் என்னை நாற்காலியில் சாய்த்துவிட்டுப் போனார்கள். விளக்கை அணைத்திருந்தார்கள். மகன் வெளியே அப்பாவோடு இருந்தான். நர்ஸ் பொண்ணு வந்து தோளைத் தட்டியபோதுதான் நான் வாயைத் திறந்தபடியே தூங்கிப்போயிருந்தது தெரிந்தது. பல் பிடுங்கும் நாற்காலியில் படுத்துத்தான் பல வருஷத்தில் பகலில் தூங்கியிருக்கிறேன். அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, "இன்னும் அஞ்சு நிமிஷம் படுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளை நான் மறக்க மாட்டேன்.

பிறகு தெரபி சென்டர் வராண்டாவில் மற்ற அம்மாக்களிடம் சொன்னபோது ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். ஒருத்திக்கு முன்பல் ஆடுகிறது, கிளீனிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போகாமலே இருந்திருக்கிறாள். (கிளீனிங்கால் பல் ஆடாது. படிந்திருந்த காரை போனதும் இடைவெளி தெரியும், ஏற்கெனவே ஈறு இறங்கியிருந்தது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.) இன்னொருத்தி தூக்கத்துக்காக அமிட்ரிப்டிலின் சாப்பிடுகிறாள், அந்த மாத்திரையில் வாய் காய்ந்துபோகும், காய்ந்த வாய்க்கு நாள் முழுக்க மிட்டாய் சப்பிக்கொண்டிருந்திருக்கிறாள், வரிசையாகச் சொத்தை. டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தது எல்லாம் பிள்ளைகள் வாயைத்தான். எங்கள் வாயை யாரும் பார்க்கவில்லை, நாங்களும் காட்டவில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மகனுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது, அது இல்லாமல் எங்களால் டயப்பர் வாங்க முடியாது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் அவனுக்கு ஒரு லட்சம் வரை உண்டு, அதில் பல் பராமரிப்பும் சேரும். எல்லாம் அவன் பேரில். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில் அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி என்றே ஒரு வரி இருக்கிறது, நல்ல வரி. பணம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த எட்டு மாதத்தில் எனக்குத் தேவைப்பட்டது இரண்டு மணி நேரம் என் பிள்ளையோடு உட்கார ஃபிட்ஸ் பார்த்துப் பயப்படாத ஒரு ஆள். சமர்த் என்று பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தங்க வைக்கும் திட்டம் ஒன்று உண்டு. இரண்டு மணி நேரப் பல் வைத்தியத்துக்குப் பிள்ளையைத் தங்கும் இல்லத்தில் விட்டுவிட்டு வருவதா? தெரபி நடக்கும் இடத்திலேயே வாரம் ஒரு நாள் ஒரு பல் டாக்டர் வந்து உட்கார்ந்தால், பிள்ளை தெரபியில் இருக்கும் முக்கால் மணியில் அம்மாவுக்கு ஒரு சிட்டிங் முடிந்துவிடும். பிள்ளைக்குச் செக்கப் என்று வருகிற அம்மாவின் வாயையும் பார்த்துவிடுவது என்று எல்லா டாக்டர்களும் வைத்துக்கொண்டால் என்னைப் போல வீங்கிப்போய் யாரும் வர வேண்டியிருக்காது.

அதுவரைக்கும் நாங்கள் ஐந்து பேர் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன மருந்து, ஃபிட்ஸ் வந்தால் எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும், எத்தனை நிமிஷத்துக்கு மேல் போனால் 108-ஐக் கூப்பிட வேண்டும், எதைக் கொடுத்தால் அழுகை நிற்கும் என்று ஒரு தாளில் எழுதி வீல்சேர் பின்பையில் வைத்துவிட்டோம். ஒருத்தி பல் டாக்டரிடம் போகும்போது இன்னொருத்தி இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். டயப்பர் மாற்றச் சொல்ல எங்களுக்குள் கூச்சம் கிடையாது.

என் துலக்கலையும் மாற்றிவிட்டேன். ராத்திரி அவனுக்கு முன்னால் நான் துலக்குகிறேன், அவன் பார்க்கும்படி, வீல்சேருக்கு எதிரில் நின்று. ஃப்ளோரைடு பேஸ்ட், இரண்டு நிமிஷம், துப்பிவிட்டுத் தண்ணீர் ஊற்றி மடமடவென்று கொப்பளிப்பதில்லை, அந்த ஃப்ளோரைடு பல்லில் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொன்னார். டீ மூன்றாகக் குறைந்திருக்கிறது, சர்க்கரை இல்லாமல். நான் துலக்குவதைப் பார்த்தால் அவனுக்கு ஒரே சிரிப்பு. சிரிக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது, துணி சுற்றிய காம்பு இல்லாமலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முன்பல் ஆடுகிறவளுக்கு முதல் சிட்டிங். அவள் மகளுக்குப் பதின்மூன்று வயது, மடியில் உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும், தடவுவது நின்றால் அழுவாளாம். இந்த முறை பார்த்துக்கொள்ளப் போவது நான்.