தேன்குழல் சுற்றிய தாள்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் கைவினை வகுப்பு எடுக்கிறேன். தோலில் செய்த பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டிக் கதை சொல்லும் தோல்பாவைக்கூத்தைப் பாடமாகச் சொல்வதைவிடப் பிள்ளைகளையே செய்யவைத்துவிடலாம் என்று போன கோடை விடுமுறையில் இறங்கினேன். இடம், பழைய வீடொன்றின் வளவு. அட்டைக்குப் பஞ்சமில்லை, இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு கல்யாணப் பத்திரிகை கட்டுக்கட்டாகக் கிடக்கும்.

பத்திரிகை அட்டையில் ராவணனை வெட்டி வேட்டித் திரைக்குப் பின்னால் பிடித்தோம். கன்னங்கரேல் என்று விழுந்தான். "மிஸ், கலர் எங்க?" என்றாள் ஒரு சிறுமி. நியாயமான கேள்வி. நம் கூத்துக்காரர்கள் ஆட்டுத்தோலை மயிர் நீக்கி, வெளிச்சம் ஊடுருவும்படி பதப்படுத்தித்தான் சாயம் தீட்டுவார்கள். அதனால் திரையில் சிவப்பும் பச்சையும் தெரியும். நகையெல்லாம் குத்திய துளைகள். அட்டையில் துளை வரும், நிறம் வராது.

விடை, வீட்டு ஆச்சி கொண்டுவந்த பலகாரப் பொட்டலத்தில் இருந்தது. தேன்குழல் சுற்றிய தாளில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் வெயிலில் பளிச்சென்று தெரிவதை ஒரு பையன் தூக்கிக் காட்டினான். எனக்குத் தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியது. அப்புறம் என்ன, வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டி, பின்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய பேப்பரில் ஒற்றி எடுத்தோம். கை கால்களை நூல்முடிச்சில் தொங்கவிட்டு விளக்குமாற்றுக் குச்சி கட்டினோம். எண்ணெய்த் தாள் என்பதால் அகல் விளக்கு வேண்டாம், பல்புதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

நாட்டரசன்கோட்டையில் சமாதி இருக்கிறதே, அந்தக் கம்பனின் பாட்டைத்தான் பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் பாவை ஆட்டிப் பாடுகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். பிள்ளைகளுக்கு அது ஏறவில்லை. கூத்தின் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடித்துக்கொள்வதுதான் வேண்டும்.

நான் செய்த தப்பு, ஆளுக்கொரு பாவை கொடுத்தது. நிஜக் கூத்தில் ஒருவரே எல்லாப் பாவையையும் ஆட்டி, எல்லாக் குரலிலும் பேசுவார். இங்கே பன்னிரண்டு பேர் முட்டிக்கொண்டதில் அனுமாரின் வால் போனது. திரை முழுக்கத் தலைநிழல்.

பார்க்க வந்த வாண்டுகளும் பாதியிலேயே எழுந்து திரைக்குப் பின்னால் ஓடிவிட்டார்கள். முன்னால் ஆச்சி மட்டும். ஆட்டம் நின்றுவிட்டது.

"ஏப்பா, நான் ஒருத்தி இருக்கேன்ல, நிறுத்திப்புடாதீக" என்றார்.