ஜிப்சி ஸ்டியரிங் ஆட்டம்: டாம்பரை மாற்றும் முன் கிங் பின்னைப் பாருங்கள்

மாருதி ஜிப்சி 1985 கடைசியில் ஒரு லிட்டருக்குச் சற்றே குறைந்த 970 சிசி எஞ்சினோடு வந்தது. 1996-இல் 1298 சிசி எஞ்சினோடு ‘ஜிப்சி கிங்’ மாடல், 2000-இல் அதே அளவில் 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (கணினி வழியே பெட்ரோலைத் தெளிக்கும் முறை), 80 குதிரைத்திறன். பானெட்டுக்குள் இத்தனை மாறியும் அடிப்பகுதி பெரிதாக மாறவில்லை. முன்னும் பின்னும் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), முன்னால் உருண்டை மூடிய நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்), மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக கிங் பின் (நக்கிள் எதைப் பற்றித் திரும்புகிறதோ அந்த ஆணி). அதனால் எந்த ஆண்டு வண்டியானாலும் உரிமையாளர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது: 55, 60 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஆடுகிறதே, ஏன்?

பட்டறையில் கிடைக்கும் வழக்கமான பதில் ஸ்டியரிங் டாம்பர், அதாவது ஸ்டியரிங்கின் ஆட்டத்தை அடக்கும் சிறு ஷாக் அப்சார்பர். புதிதாகப் போட்டால் கொஞ்ச நாள் ஆட்டம் அடங்கும். அது நோயைக் குறைத்ததால் அல்ல, மறைத்ததால். இணைப்புகளில் ஆட்டம் இல்லாத ஜிப்சியை டாம்பரைக் கழற்றிவிட்டும் நேராக ஓட்ட முடியும். ஆகவே டாம்பருக்குப் பணம் கொடுக்கும் முன் அரை மணி நேரம் சோதனைக்குக் கொடுங்கள்.

முன் அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து, அதாவது கடிகாரத்தின் 12, 6 நிலையில், உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங். பிரேக் பிடித்தும் அப்படியே இருந்தால் கிங் பின். பிரேக் காலிப்பர் நக்கிளோடு சேர்ந்தது. அது டிஸ்க்கைக் கவ்வியதும் பேரிங்கின் ஆட்டம் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. மிச்சம் இருப்பது நக்கிளுக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள ஆட்டம்தான்.

அடுத்து 3, 9 நிலை. இங்கே அசைந்தால் டை ராடு எண்டு (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை) அல்லது டிராக் லிங்க் எண்டு (ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் கம்பியின் முனை). இதைச் சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பதைவிட, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு ஆட்ட, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு முனையிலும் விரலை வைத்துப் பார்ப்பது தெளிவாகக் காட்டும். ராடு நகர்ந்தும் பந்து முனை நகரத் தாமதித்தால் அந்த எண்டை மாற்றிவிடுங்கள்.

கிங் பின் பேரிங் தேய்வதில் ஒரு விசேஷம் உண்டு. இது முழுச் சுற்று சுற்றும் பேரிங் அல்ல. நேர்ச்சாலையில் ஓடும்போது உருளைகள் ஒரே இடத்தில் நின்று இடி வாங்குகின்றன. அதனால் ரேஸில் (உருளைகள் உட்காரும் வெளி வளையத்தில்), நேராகப் போகும் நிலைக்குச் சரியாக, வரிவரியாகக் குழி விழும். அச்சைத் தூக்கி, டை ராடைக் கழற்றிவிட்டு நக்கிளைக் கையால் மெல்லத் திருப்பினால் நடுவில் ‘டக்’ என்று உட்காருவது கைக்கே தெரியும். இந்த நிலைக்கு வந்த பேரிங்கை ஷிம் (பின்னுக்கும் நக்கிளுக்கும் இடையே வைக்கும் மெல்லிய தகடு) எடுத்து இறுக்கிப் பயனில்லை. நேரில் தளர்வாகவும் திருப்பும்போது இறுக்கமாகவும் ஆகிவிடும். வளைவு முடிந்து ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. இருபுறமும் சேர்த்து நான்கு பேரிங்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வேலை பாதிதான்.

கழற்றும் வரிசை இது. முதலில் முன் டிஃப்ரன்ஷியல் ஆயிலை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சக்கரத்தைச் சுழற்றும் அச்சு ஷாஃப்டை உருவியதும் அச்சுக்குழாய் வழியே உங்கள் மேல் கொட்டும். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரை எடுத்துக் கம்பியால் கமானில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. ஹப் மூடியையோ ஃப்ரீவீல் ஹப்பையோ எடுத்து, ஷாஃப்ட் முனையிலுள்ள சர்க்ளிப்பைக் (பிளவு வளையத்தை) கழற்றி, பூட்டு வாஷரை விடுவித்து, பேரிங் நட்டை அதற்குரிய சாக்கெட்டால் கழற்றுங்கள். உளியும் சுத்தியலும் வைத்து இந்த நட்டைத் தட்டும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அப்படித் தட்டிய நட்டு மறுமுறை சரியான இறுக்கத்தைக் காட்டாது. ஹப் வந்ததும் ஸ்பிண்டிலின் எட்டு போல்ட். ஸ்பிண்டிலை மர அல்லது ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டி எடுத்தபின் ஷாஃப்ட் ஜாயின்டோடு வெளியே வரும். பிறகு நக்கிளின் பின்பக்கத்து சீல் தட்டு, டை ராடு எண்டு, கடைசியாக மேல், கீழ் கிங் பின்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு போல்ட்.

மேல் பின் எது, கீழ் பின் எது, எதன் கீழ் எத்தனை ஷிம் இருந்தது என்பதைப் பிரிக்கும்போதே ஒரு தாளில் எழுதி, ஷிம்களை அந்தந்தப் பின்னோடு கட்டி வையுங்கள். இந்த வேலை பாழாவது பெரும்பாலும் இங்கேதான். கீழ்ப் பின்னைக் கழற்றும்போது பேரிங் கையில் விழும், தயாராக இருங்கள்.

பழைய ரேஸைப் பித்தளைப் பஞ்ச் வைத்து எதிர்ப்பக்கத்திலிருந்து சுற்றிச் சுற்றித் தட்டி எடுங்கள். அந்தப் பழைய ரேஸின் வெளிவட்டத்தை கிரைண்டரில் சிறிதளவு தேய்த்துக்கொண்டால் புது ரேஸை உள்ளே தட்ட அதுவே நல்ல கருவி. அடிமட்டத்தில் போய் உட்கார்ந்ததும் தட்டும் ஓசை மாறும். அதற்கு முன் நிறுத்த வேண்டாம்.

இப்போதுதான் முக்கியமான அளவு. சீலும் ஷாஃப்டும் போடாமல், நக்கிளைப் பேரிங்கில் உட்கார வைத்து, பின்களின் போல்ட்டுகளை முழு இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். டை ராடு எண்டு உட்காரும் துளையில் ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி, அந்த நக்கிள் கரத்துக்குச் செங்குத்தாக இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்கும்போது தராசு 1 முதல் 1.8 கிலோ வரை காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் ஷிம் எடுக்க வேண்டும், கூடுதலாக இருந்தால் சேர்க்க வேண்டும். ஷிம்கள் 0.1, 0.5 மி.மீ. கனத்தில் வரும். மேலும் கீழும் சமமாக எடுத்துச் சேர்ப்பது நல்லது. ஒரே பக்கம் எடுத்தால் நக்கிள் நடு மையத்திலிருந்து விலகி, சீல் ஒரு பக்கமாக நசுங்கும். மீன் கடைத் தராசு போதும், ஆனால் 5 கிலோவுக்கு மேல் அளக்கும் தராசில் இந்தச் சிறு அளவு நம்பகமாகத் தெரியாது.

“கொஞ்சம் கூட இறுக்கிவிடுங்கள், ஆட்டமே வராது” என்று சொல்பவர்கள் உண்டு. 3 கிலோவுக்கு இறுக்கிய வண்டி ஆடாதுதான். ஆனால் மலைச்சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்குப் பின்னும் ஸ்டியரிங்கை நீங்களே நேராக்க வேண்டியிருக்கும். ரேஸில் குழியும் சீக்கிரமே விழும்.

நக்கிளைத் திறந்த கையோடு சீலையும் பாருங்கள். முன் டயரின் உட்பக்கச் சுவரில் ஈரக் கோடு இருந்தால் அது எண்ணெயா கிரீஸா என்று விரலில் தொட்டுப் பாருங்கள். கெட்டியான கிரீஸ் என்றால் நக்கிளின் வெளிச் சீல் தேய்ந்திருக்கிறது. நீர்த்த, கியர் ஆயில் வாடை வீசும் திரவம் என்றால் அச்சுக்குழாய் முனையிலுள்ள உள் சீல் போய்விட்டது. டிஃப்ரன்ஷியல் ஆயில் வந்து கிரீஸைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. உள் சீலை மாற்றாமல் வெளிச் சீலை மட்டும் மாற்றினால் புதுச் சீலும் ஒழுகும். ஷாஃப்டை ஒரு முறை உருவினாலே உள் சீலின் உதடு உரசும், ஆகவே அதை எப்போதும் புதிதாகவே போடுங்கள். ஃபெல்ட் வளையமும் ரப்பரும் சேர்ந்த செட்டாகவே வாங்குங்கள். உருண்டையின் மேற்பரப்பில் துருக்குழி இருந்தால் 400 நம்பர் எமரித் தாளால் வழவழப்பாக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குழி புது ரப்பரைச் சீவிவிடும்.

சீல் திரும்பத் திரும்பப் போகிறதா? அச்சின் மேலுள்ள காற்றுத் துளையைப் பாருங்கள். ஓடும்போது உள்ளே சூடேறிக் காற்று விரியும். துளையில் சேறு அடைத்திருந்தால் அந்த அழுத்தம் சீல் வழியாகத்தான் வெளியேறும். நேர்மாறாக, சூடான அச்சோடு ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால் கலந்த காப்பி நிறமாக மாறியிருந்தால் காரணம் இதுதான். பெட்ரோல் தாங்கும் ரப்பர் ஹோஸைக் காற்றுத் துளையில் மாட்டி, எஞ்சின் அறையின் உயரமான சுவருக்குக் கொண்டுபோய், முனையில் ஒரு சிறு பெட்ரோல் ஃபில்டரைச் செருகிவிடுங்கள். ஜிப்சிக்குச் செய்யும் மாற்றங்களில் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் இது என்பது என் உறுதியான எண்ணம். வடித்த ஆயிலைத் திரும்ப நிரப்பும்போது முன் டிஃப்ரன்ஷியலுக்கு 2 லிட்டர், பின்னதற்கு 1.5 லிட்டர், 80டபிள்யூ-90 ஜிஎல்-5 தரக் கியர் ஆயில். கியர் பாக்ஸுக்கு 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 0.8 லிட்டர், இவ்விரண்டுக்கும் ஜிஎல்-4 தரம் போடுங்கள். ஜிஎல்-5-இல் உள்ள கந்தகச் சேர்மானம் கியர் பாக்ஸின் பித்தளை வளையங்களுக்கு ஆகாது.

எல்லாம் பூட்டியபின் டோ-இன், அதாவது முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு. வண்டியைச் சமதரையில் சில மீட்டர் முன்னோக்கி உருட்டி நிறுத்துங்கள். இரு முன் டயரின் நடுக்கோட்டிலும் அச்சு உயரத்தில் குறி வைத்து, முன்பக்கத் தூரத்தையும் பின்பக்கத் தூரத்தையும் டேப்பால் அளங்கள். முன்பக்கம் 2 முதல் 6 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். 4-இல் நிறுத்துவது வசதி. ஸ்டியரிங் பெட்டியின் மேலுள்ள சரிசெய்யும் ஸ்க்ரூவைக் கடைசியில்தான் தொட வேண்டும். அதுவும் சக்கரம் நேராக இருக்கும்போது, எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். மற்ற இடத்து ஆட்டத்தை இந்த ஸ்க்ரூவில் ஒளித்தால் பெட்டியும் போய்விடும்.

இதற்குப் பிறகே உயரமும் டயரும். நீள ஷாக்கிள் (கமானின் ஒரு முனையைச் சட்டகத்தோடு இணைக்கும் பட்டை) போட்டு உயர்த்துவது மலிவு என்பதால் பலரும் செய்கிறார்கள். ஜிப்சியின் முன் கமானில் ஷாக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் கமானின் முன்முனை இறங்கி, அச்சு முன்னோக்கிச் சாய்ந்து, காஸ்டர் (கிங் பின்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும். சக்கரம் நேராகத் திரும்பும் குணத்தைத் தருவதே காஸ்டர்தான். மேலே சொன்ன வேலையெல்லாம் செய்தபின்னும் ஷாக்கிள் மாற்றியதும் ஆட்டம் திரும்பினால் காரணம் இதுவே. அச்சின் மேல்முனை பின்னால் சாயும்படி கமானுக்கும் அச்சுக்கும் இடையே 2 அல்லது 3 டிகிரி எஃகு ஆப்பு வைக்க வேண்டும். அலுமினிய ஆப்பு நசுங்கிப் பிளக்கும். யூ போல்ட்டைப் பழசையே திரும்பப் போட வேண்டாம். புதிது போட்டு, 200, 300 கி.மீ. ஓடியபின் ஒரு முறை மீண்டும் இறுக்குங்கள்.

டயரில் கணக்கு எளிது. ஜிப்சி கிங்கில் வந்த 205/70 ஆர்15-இன் விட்டம் சுமார் 668 மி.மீ. 215/75 போட்டால் 703, 235/75 போட்டால் 733. 215-இல் மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 63, 235-இல் கிட்டத்தட்ட 66. வேகமானியைவிட கியருக்குத்தான் இது பெரிய விஷயம்: 235 போட்டால் எல்லா கியரும் பத்து சதவீதம் நீளும், ஏற்றத்தில் ஐந்தாவது கியர் உதவாது. 215/75 தான் இந்த எஞ்சினுக்கு எல்லை என்பேன். ஐந்து போல்ட், 139.7 மி.மீ. வட்டம் என்பதால் பழைய மஹிந்திரா ஜீப்பின் ரிம்மும் பொருந்தும். ஆனால் நடுத்துளையும் ஆஃப்செட்டும் (ரிம் உள்ளோ வெளியோ தள்ளி நிற்கும் அளவும்) வேறு. வெளியே தள்ளிய ரிம் கிங் பின்னுக்கும் வீல் பேரிங்குக்கும் சுமையைக் கூட்டும். இவ்வளவு உழைத்துப் பேரிங் மாற்றிய பின் அதைச் செய்ய வேண்டியதில்லை.

ஸ்டியரிங்கோடு சம்பந்தப்படாத ஒன்று, அடிக்கடி கேட்கப்படுவதால். ஹெட்லைட் மங்கலாக இருப்பதற்குக் கூடுதல் வாட் பல்பு தீர்வல்ல. இரண்டு 60 வாட் எச்4 பல்புக்கு 10 ஆம்பியர் மின்னோட்டம் பழைய சுவிட்ச் வழியாகப் போகிறது. வழியில் ஒரு வோல்ட் இழந்தாலே வெளிச்சம் கால் பங்கு குறையும். இதற்குத் தீர்வு, பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுக்கும் நான்கு முனை ரிலே இரண்டு, பேட்டரிக்கு அருகில் 20 ஆம்பியர் ஃப்யூஸ், 2.5 சதுர மி.மீ. வயர். ஆனால் வயரை வெட்டும் முன், லைட்டை அணைத்து வைத்துப் பல்பு ஹோல்டரில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். அணைத்தபின்னும் பாசிட்டிவ் வந்தால் அந்த வண்டியில் சுவிட்ச் எர்த் பக்கத்தைத்தான் இணைக்கிறது. அப்படியானால் ரிலே காயிலின் ஒரு முனைக்கு நேரடி பாசிட்டிவும், மறுமுனைக்குப் பழைய சுவிட்ச் வயரும் கொடுக்க வேண்டும். வழக்கமான முறையில் இணைத்தால் ரிலே வேலை செய்யாது. மின்சாரம் பற்றி இன்னொன்று: எம்பிஎஃப்ஐ வண்டியில் தரைத் தகட்டுக்கு வெல்டிங் வைக்கும் நாளில் பேட்டரி நெகட்டிவோடு இசியு (எஞ்சின் கணினி) இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.