கானாவில் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு

அக்ரா, குமாசி பக்கம் போகிறவர்கள் முதலில் தாங்கள் பிறந்த கிழமையைத் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே பிறந்த கிழமையை வைத்தே பெயர் உண்டு; பல சபைகளில் அந்தக் கிழமைவாரியாகக் காணிக்கை எடுப்பார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த கோஃபிகளும் அஃபுவாக்களும் ஒரு அணி, சனிக்கிழமை பிறந்த குவாமேக்களும் அமாக்களும் இன்னொரு அணி. எந்தக் கிழமை அதிகம் போட்டது என்று மைக்கில் அறிவிப்பார்கள். கைதட்டலும் கேலியும் பறக்கும். (ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமைப் பிள்ளைதான்.)

பெட்டி உங்களிடம் வராது. நீங்கள்தான் வரிசையில் ஆடிக்கொண்டே பெட்டியிடம் போகவேண்டும். கையில் வெள்ளைக் கைக்குட்டை, முழங்கால் லேசாக மடங்கியிருக்க, சின்னச் சின்ன அடி. குதிக்காதீர்கள், ஹைலைஃப் என்ற கானா நடன இசையின் தாளத்துக்கு அது ஒட்டாது, இரண்டாவது பாட்டிலேயே மூச்சும் வாங்கும். பணத்தை வலது கையால்தான் போடவேண்டும், இடது கை அங்கே அவமரியாதை. காணிக்கை ஒருமுறையோடு முடியாது. ஐந்து, பத்து சீடி (கானா பணம்) நோட்டுகளாக மாற்றி வையுங்கள். ஒற்றை இருநூறு சீடி நோட்டோடு போனால் முதல் சுற்றிலேயே கை காலி.

கறுப்பும் சிவப்பும் துக்க நிறங்கள், தவிர்த்துவிடுங்கள். வெள்ளை நல்லது. புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள்: பெயர், ஊர், ஒரு வணக்கம், போதும். ஸ்பீக்கருக்கு நேரே மட்டும் உட்காராதீர்கள், காது சாயங்காலம் வரை இரையும். பெந்தெகொஸ்தே சபை என்றால் மூன்று மணி நேரம்கூட ஆகும், சாப்பிட்டுவிட்டே போங்கள்.